சீட்டு மூலையில் ஒரு கே

சுதர்ஷினியை மீனாட்சியிடம் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். அதை நினைத்தால் என் செருப்பை எடுத்து என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. லிட்டில் இந்தியாவில் அழகு நிலையத்துக்கா பஞ்சம்? ஏதாவது ஒன்றைக் கைகாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். "எனக்குன்னு ஒரு ஆள் இருக்கா, வா" என்று பெருமையடித்து, குயின் தெருவில் பாத்திரக் கடைக்கு மேலே ஏறும் அந்தச் செங்குத்தான மரப்படிகளில் அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. அருந்ததி என்று பெயர். கல்யாணம் கில்யாணம் எதுவும் இல்லை. ஒரே அண்ணன், அவரும் மெல்பர்னில். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து வந்து மீனாட்சியிடம் தலைமுடிக்கு டை அடித்துக்கொள்வேன். பதினோரு வருடமாக இது நடக்கிறது. டை காயும் வரை அவள் என் கழுத்தையும் தோளையும் பிடித்துவிடுவாள். கடலுக்கு அந்தக் கரையில் செபராங் ஜெயாவிலிருந்து மோட்டார் சைக்கிளை ஃபெர்ரியில் ஏற்றி வந்த கதை, மாமியார் மீன் சட்டியை உடைத்த கதை, மகன் கணக்கில் கோட்டைவிட்ட கதை என்று ஒன்று விடாமல் சொல்வாள். "தலைய கொஞ்சம் சாயுங்கக்கா, இன்னும் கொஞ்சங்க்கா" என்பாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, என்னைத் தொட்டுப் பேசுகிற மனுஷி உலகத்தில் அவள் ஒருத்திதான். தீபாவளிக்குத் தீபாவளி அவளுக்கு ஒரு டின் பயத்தம் பணியாரம் செய்துகொண்டு போய்க் கொடுப்பேன்.

ஆனால் டிப்ஸ் மட்டும் கொடுத்தது கிடையாது. நான் முப்பத்து நான்கு வருடம் அரசாங்க அலுவலகக் கவுன்டரில் உட்கார்ந்தவள். விண்ணப்பப் பாரத்தோடு அடையாள அட்டையை நீட்டுவார்கள். அட்டைக்குள் ஐந்து வெள்ளி மடிந்திருக்கும். மலாயில் அதற்கு 'டுவிட் கோப்பி' என்று கௌரவமான பெயர், காப்பிக் காசு. நான் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு காசை விரல் நுனியால் திருப்பித் தள்ளிவிடுவேன். வேலைக்குச் சம்பளம் இருக்கிறது. அதற்குமேல் கையில் திணிக்கப்படும் காசு எதையோ கேட்கிறது என்பது என் கட்சி. காசு வாங்கினவள் கொடுத்தவனுடைய பாரத்தை மேலே வைப்பாள், கொடுக்காதவன் பாரம் அடியில் போகும். எத்தனையோ மேசைகளில் இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சுதர்ஷினி அதே அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் இருந்தவள். பாதியில் வேலையை விட்டுவிட்டு ஒரு டாக்டரைக் கட்டிக்கொண்டு தஞ்சோங் பூங்காவில் கடல் பார்த்த வீட்டில் குடியேறினாள். முதல் நாள் வேலை முடிந்ததும் கைப்பையைத் திறந்து, சிவப்பாக ஒரு பத்து வெள்ளியை மீனாட்சியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"வச்சுக்கம்மா. ரொம்ப நல்லா பண்ணிவிட்ட."

மீனாட்சியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "தேங்க்ஸ் மேடம்!" என்றாள்.

மேடம். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பதினோரு வருடத்தில் என்னை ஒரு தடவை மேடம் என்று சொன்னதில்லை. நான் தலைமைக் கிளார்க்காக ஓய்வு பெற்றவள். இவள் தட்டச்சு தெரியாமல் திணறியவள். இவள் மேடமாம், நான் அக்காவாம்!

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் இதே கூத்துதான். சன்னலோர நாற்காலி மேடத்துக்கு. புதுத் துண்டு மேடத்துக்கு. மேடம் உட்கார்ந்ததும் இஞ்சித் தேத்தண்ணீர் வரும். எனக்கும் தேத்தண்ணீர் உண்டு, ஆனால் மீனாட்சி தனக்குப் போட்டதில் பாதியை ஊற்றி "இந்தாங்கக்கா, நீங்களும் குடிங்க" என்று நீட்டுவாள். முன்பெல்லாம் அது எனக்கு ஒரு குறையாகவே பட்டதில்லை. சுதர்ஷினியின் பீங்கான் கோப்பையைப் பார்த்த பிறகு என் பிளாஸ்டிக் குவளை கண்ணை உறுத்தியது.

ஒருநாள் இருவரும் டை முடிந்து, சூலியா தெருவில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீ குடுத்துக் குடுத்து அவளக் கெடுத்து வச்சிருக்க" என்றேன். "நாளைக்கு டிப்ஸ் குடுக்காதவங்கள அவ மதிப்பாளா?"

"அவ சம்பளம் எவ்வளவுன்னு கேட்டிருக்கியா, அரு? ஆயிரத்து எழுநூறு வெள்ளி. உனக்கு பென்ஷன் இருக்கு, எனக்கு வீட்டுக்காரர் இருக்காரு, அவளுக்கு என்னா இருக்கு?"

"அப்ப முதலாளி சம்பளத்த ஏத்தணும். உன் கைப்பையில இருந்தா சம்பளம் குடுப்பாங்க?"

"முதலாளி ஏத்துற வரைக்கும் அவ என்னா சாப்பிடுவா?" என்று சுதர்ஷினி சிரித்தாள். "நீ சட்டம் பேசு லா. நான் பத்து வெள்ளி குடுக்கிறேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் எரிந்தது. நியாயம் வேண்டுமானால் அவள் பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். மீனாட்சியும் அவள் பக்கம் போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சுதர்ஷினி கை கழுவ எழுந்து போனாள். அவளுடைய ரசீதுச் சீட்டு மேசையில் கிடந்தது. பழக்கதோஷம், தாளைக் கண்டால் படித்துவிடுவேன். அழகு நிலையத்தின் முதலாளி அதிரா கைப்பட எழுதிய சீட்டு. தொண்ணூற்றைந்து வெள்ளி என்று போட்டிருந்தது. என் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அறுபது வெள்ளி. அதே வேலை, அதே நாள். இன்னொரு வித்தியாசமும் இருந்தது. என் சீட்டின் வலது மூலையில் சின்னதாக ஆங்கில எழுத்து கே. அவள் சீட்டில் அது இல்லை.

அந்தக் கேயை நான் வெகு நாளாகப் பார்த்துவருகிறேன். 'கவுன்டர்' என்பதன் மலாய் முதலெழுத்து என்று என் உத்தியோக மூளை முடிவுகட்டி வைத்திருந்தது. அப்படியானால் அவள் சீட்டில் ஏன் இல்லை?

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினேன். நான் எந்தச் சீட்டையும் எறிகிறவள் இல்லை. பதினோரு வருடச் சீட்டுகளையும் தேதி வரிசையில் மேசையில் பரப்பினேன். முதல் ஏழெட்டில் கே கிடையாது. அதற்கப்புறம் வந்த எல்லாவற்றிலும் இருந்தது. கே வந்த மாதத்தில் விலையும் சட்டென்று குறைந்திருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏழெட்டு மாதம் பார்த்திருக்கிறார்கள், இவள் டிப்ஸ் கொடுப்பாளா மாட்டாளா என்று. கொடுக்கவில்லை என்றதும் மூலையில் அடையாளம் போட்டு, மட்டமான டைக்கு மாற்றிவிட்டார்கள். கே என்றால் வேறென்ன? கெடெகுட். மலாயில் கஞ்சப் பிசினாரியை அப்படித்தான் சொல்வார்கள்.

கண்ணாடி முன் நின்று என் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். சுதர்ஷினியின் முடி என்னமாய்ப் பளபளக்கிறது! என்னுடையது பெயிண்ட் அடித்த கதவாகத் தெரிந்தது. மீனாட்சி இதற்கு உடந்தையாக இருந்தாளா என்று நினைத்தபோது அழுகையும் வந்தது. 'அக்கா அக்கா' என்று குழைந்துகொண்டே மட்டமான டையைத் தலையில் தேய்த்திருக்கிறாள்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமைக்கு நேரம் கேட்டு அவளுக்கு போன் போட்டேன். நாலு மணி வேண்டும் என்றேன்.

"நாலு மணி ஃபுல்லுக்கா. காலையில பத்து மணிக்கு வாங்களேன், கூட்டம் இருக்காது. ஆற அமர பண்ணலாம்."

"சரி" என்று வைத்துவிட்டேன். அந்த வருடம் பயத்தம் பணியாரம் செய்யவில்லை. வங்கி இயந்திரத்தில் புது ஐம்பது வெள்ளித் தாள் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை லிட்டில் இந்தியா முழுக்க பலகாரக் கடையும் பட்டாசு போல வெடிக்கிற பாட்டுமாக இருந்தது. மேலே அழகு நிலையம் மட்டும் அமைதியாகக் கிடந்தது. கவுன்டரில் அதிரா கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். சிரித்த முகம், கறாரான ஆள். மீனாட்சி என்னைச் சன்னலோர நாற்காலியில் உட்காரவைத்தாள். 'மேடம் இல்லாத நேரமாகையால் எனக்குக் கிடைத்தது' என்று நினைத்துக்கொண்டேன்.

டிப்ஸ் எப்படிக் கொடுப்பதென்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே முறையில் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் முத்திரை குத்தித் தரும் வருகை அட்டைக்குள் ஐம்பது வெள்ளியை மடித்து வைத்து, அவள் வேலையைத் தொடங்குமுன்பே நீட்டினேன்.

மீனாட்சி அட்டையைத் திறந்து பார்த்தாள். "என்னக்கா இது?"

"வச்சுக்க."

"எதுக்குக்கா?"

"சுதர்ஷினி குடுத்தா எதுக்குன்னு கேட்கிறியா? அவ பத்து குடுப்பா, நான் அம்பது குடுக்கிறேன். இன்னைக்காவது அவளுக்குப் போடுற டைய எனக்குப் போடு."

அவள் என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். "எல்லாருக்கும் ஒரே டைதாங்க்கா. அதே டப்பாதான்."

"சரி லா, ஒரே டப்பாதான்" என்றேன், நான் நம்பவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்படி.

அவள் தாளை நாலாக மடித்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். டையைக் கலக்கினாள். அன்றைக்கு மாமியார் கதை இல்லை, மகன் கதை இல்லை. "சாயுங்க", "நிமிருங்க", அவ்வளவுதான். டை காயும் நேரத்தில் கழுத்தைப் பிடித்துவிட்டாள். இன்னும் அதிக நேரம், இன்னும் ஒழுங்காக. விலை கொடுத்து வாங்கிய வேலை போல அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் என் கழுத்து இளகவே இல்லை. ஐம்பதும் போதவில்லையோ என்று எனக்குத் தோன்றியது. அப்படி யோசிக்கிற அளவுக்கு என் புத்தி கெட்டிருந்தது.

முடியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய போன் அடித்தது.

"சொல்லுங்க மேடம். ஆமா மேடம், நாலு மணி உங்களுக்குத்தான் மேடம். பார்க்கிங் கிடைக்கலன்னா கால் பண்ணுங்க மேடம், நான் கீழ இறங்கி வரேன்."

ஒரே மூச்சில் நாலு மேடம். எனக்கு இல்லாத நாலு மணி. கீழே இறங்கி வேறு வருவாளாம். எனக்குக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. ஈர முடியோடு எழுந்து நேராகக் கவுன்டருக்குப் போனேன். அதிரா வழக்கம்போல் சீட்டில் அறுபது வெள்ளி என்று எழுதி, மூலையில் கே போட்டாள்.

"அந்தக் கே இன்னைக்கு வேணாம்" என்றேன்.

"எந்தக் கே?"

"எனக்கு மலாய் தெரியாதுன்னு நெனச்சீங்களா? முப்பத்து நாலு வருஷம் மலாய்லதான் கடுதாசி எழுதினேன். கெடெகுட்டுக்குத்தானே கே? நான் டிப்ஸ் குடுக்காதவதான். அதுக்காக பத்து வருஷமா மட்டமான டையப் போட்டு, சீட்டுல அடையாளம் வச்சு... இன்னைக்கு அம்பது வெள்ளி குடுத்திருக்கேன், கேளுங்க அவள! எனக்கும் தொண்ணூத்தஞ்சு போடுங்க. நான் அவளுக்கு யாரு? வெறும் கஸ்டமர்தானே? கஸ்டமர நடத்துற மாதிரி நடத்துங்க!"

என் குரல் படிக்கட்டு வரை போயிருக்கும். பின்னால் மீனாட்சி கையில் துண்டோடு நின்றுவிட்டாள். அதிரா பேனாவை மூடிவைத்தாள்.

"கேன்னா கெலுவார்கா" என்றாள் மெதுவாக. "குடும்பம்."

எனக்குப் புரியவில்லை.

"இங்க வேலை செய்றவங்க ஆளுக்கு ஒரு குடும்பப் பேரு குடுக்கலாம். அம்மா, தங்கச்சி, யாராச்சும் ஒருத்தர். அவங்களுக்குக் குடும்ப விலை. மீனாட்சி உங்க பேரத்தான் குடுத்தா, சொந்த அக்கான்னு. மாமியார் பேரக் குடுக்கலியா, வீட்டுல சண்டை வராதான்னுகூட கேட்டேன். 'பரவாயில்ல பாஸ், எனக்கு எங்கக்காதான்'ன்னா."

நான் மீனாட்சியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அதிராவின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "கஸ்டமர்னு சொல்றீங்க. அப்ப நீங்க சொந்த அக்கா இல்லையா? இருக்கிறத சொல்லுங்க. போன வருஷம் ஒருத்தி இப்படித்தான் யாரோ தெரிஞ்சவங்க பேரக் குடுத்தா. அன்னைக்கே அனுப்பிட்டேன்."

கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதே கேள்வியை நான் எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன்! சொந்த அண்ணனா, சொந்த மகளா, உண்மையைச் சொல்லுங்கள். என் வாழ்நாளில் ஒரு பாரத்தில்கூட நான் பொய் எழுதியதில்லை. பொய் சொல்கிறவர்கள் நீட்டி முழக்குவார்கள் என்பது மட்டும் எனக்கு அனுபவத்தில் தெரியும். அதனால் சுருக்கமாகச் சொன்னேன்.

"அக்காதான். என் சித்தப்பா மக அவ. சொந்தந்தான்."

"கஸ்டமர்னு இப்பதானே கத்துனீங்க?"

"கோவத்துல கத்துனேன். அக்கா தங்கச்சிக்குள்ள வராத சண்டையா?"

"அப்ப அந்த அம்பது வெள்ளி?"

"தீபாவளிக் காசு. தங்கச்சிக்குக் குடுக்கக்கூடாதா?"

அதிரா என்னைப் பார்த்தாள், பிறகு மீனாட்சியைப் பார்த்தாள். "என்னா மீனாட்சி, அப்படியா?"

"ஆமா பாஸ்" என்றாள் மீனாட்சி. "எங்கக்காவுக்கு முன்கோவம்."

அதிரா சீட்டைக் கிழித்து நீட்டினாள். அறுபது வெள்ளி, மூலையில் கே. இனி அது பொய்ச் சீட்டு என்று எனக்குத் தெரியும். பத்து வருடமாக அது பொய்யாக இருந்ததில்லை. காசைக் கட்டிவிட்டு, முடியைக்கூட உலர்த்தாமல் வெளியே வந்தேன்.

படிக்கட்டின் வளைவில் பின்னாலேயே காலடி கேட்டது. மீனாட்சிதான். நான் விட்டுவிட்டு வந்த குடையைக் கொண்டுவந்திருந்தாள்.

"கெடெகுட்டுன்னு நான் எழுதச் சொல்லுவேன்னு நெனச்சீங்களா?" என்றாள். அழவில்லை, கத்தவும் இல்லை. "டிப்ஸ் குடுக்கறவங்கள மேடம்னு கூப்பிடச் சொல்லி பாஸ் சொல்லியிருக்காங்க. நாலு மணி கூட்டத்துல உங்கள அவசர அவசரமா பண்ணி அனுப்ப வேணாம்னுதான் பத்து மணிக்கு வரச் சொன்னேன். வேற யாரும் இல்லாத நேரமா, உங்களுக்குன்னு."

என் வாயிலிருந்து வந்தது உருப்படியாக இல்லை.

"அந்த அம்பதக் குடுத்துடு, மீனாட்சி. தீபாவளி அன்னைக்கு வீட்டுக்கு வா. பணியாரம் செஞ்சு, அந்தக் காசையே கவர்ல போட்டுத் தரேன். தங்கச்சின்னு சொல்லித் தரேன்."

வாழ்க்கையில் முதல் முறையாக டிப்ஸ் கொடுத்து, அதையும் படிக்கட்டில் நின்று திருப்பிக் கேட்டேன். அவள் மேலங்கிப் பையின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வேணாங்க. டிப்ஸுன்னு குடுத்தீங்க, டிப்ஸாவே வாங்கிக்கிட்டேன். மகனுக்கு ஷூ வாங்கணும்." குடையை என் கையில் கொடுத்தாள். "ரொம்ப தேங்க்ஸ், மேடம்."

அவள் மேலே ஏறினாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். பாதியில், மேலே கதவைத் திறந்துகொண்டே அவள் கூப்பிடுவது கேட்டது. கவுன்டரில் இருக்கும் அதிராவுக்கும் கேட்கிற மாதிரி, நல்ல சத்தமாக.

"பாத்து இறங்குங்கக்கா!"